துரைசாணி மறுவீடு வந்த புரட்டாசி

ஸ்பிரிட் எரிகிற வாசத்தில் ஓர் இனிப்பு உண்டு. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸம்மா பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அதே வாசம்தான் என்றாலும், அதைக் கொளுத்தி, எரிகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவுக்கு மெல்லிய நீலச் சுடர் எழும்பி, மேலே இருக்கிற பித்தளை உருளையில் தண்ணீர் கொதித்து, தையல் மிஷின் எண்ணெயும் ஆவியும் கலந்த முதல் மூச்சு ‘புஸ்’ என்று வெளியே வரும்போது அது வேறு வாசமாகிவிடும். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வராந்தாவில், வெளியே சாரல் தூவிக்கொண்டிருக்க, தலைமுடியிலிருந்து அருவித் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்த வாசத்தை நான் வேண்டிய மட்டும் மூக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்குக் குற்றாலம் என்றால் எண்ணெய்க் குளியலும் மங்குஸ்தான் பழமும். எனக்குக் குற்றாலம் என்றால் ‘குட்டி எஞ்சின்’.

குட்டி எஞ்சினை விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொல்லிவிட்டால் என் அப்பாவுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் பெரிய நீராவி எஞ்சினை அப்படியே சுருக்கி, உண்மையாகவே ஓடும்படி செய்து வைத்தவை அவை. உழக்கு அளவுக்கு ஒரு பாய்லர், பூரிக்கட்டை முனை பருமனில் ஒரு பிஸ்டன், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சுழல்சக்கரம், புகைபோக்கி, விசில், எல்லாவற்றுக்கும் அடியில் வர்ணம் பூசிய தகர மேடை. தண்ணீர் ஊற்றி அடியில் விளக்கை ஏற்றி வைத்தால் பத்து நிமிடத்தில் அதற்கு உயிர் வந்துவிடும். சக்கரம் சுற்றுவதைத் தவிர அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. “சும்மா சுத்துதத பாக்கதுக்கா இந்தப் பாடு?” என்று அம்மா கேட்பாள். “சாமி பொறத்தால நாம சுத்துதோமே, அதுல மட்டும் என்ன கெடைக்கு?” என்பார் அப்பா. அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

அப்பாவுக்குத் தென்காசியில் சுவாமி சன்னதி பஜாரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. தோட்டத்துப் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் கொண்டுவந்து போடுவார்கள். ஒருநாள், சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த மைதீன் பாய் லீவில் வந்தவர், ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் பழைய சாமான் சந்தை கூடுமாம். ஊரைவிட்டுப் போகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் போட்டுவிட்டுப் போகிற கட்டில், மேஜை, குழந்தை வண்டி எல்லாம் அங்கே குவிந்து கிடக்குமாம். அந்தக் குவியலில், ஒரு தேநீர்க் கெண்டிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், மகனுக்கு ஆகும் என்று பொறுக்கியெடுத்த எஞ்சின் ஓடவில்லை. அப்பா அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பசை பிடித்துக் கிடந்த பிஸ்டனை விடுவித்து, மூன்றாம் நாள் கடை மேஜையில் ஓட்டிக் காட்டினார். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “அடேயப்பா” என்றார்களாம். மகனுக்காக வாங்கியது என்பது அதோடு பாய்க்கு மறந்துபோனது. பாய் அந்த எஞ்சினைத் தனக்கே வைத்துக்கொண்டார். அடுத்த லீவுக்கு வரும்போது இரண்டு கொண்டுவந்தார், ஒன்று அப்பாவுக்கு.

மூன்றாவது ஆள் இலத்தூர் ஞானராஜ் சார். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வாத்தியார். மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் பழைய சாமான்களை ஏலம் விடுகிற சேதி எப்படியோ அவருக்கு முதலில் வந்துவிடும். செங்கோட்டையிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் ஏறிப் போய், தட்டுமுட்டுச் சாமான்களுக்குள் ஒளிந்துகிடக்கிற எஞ்சினோடு திரும்பி வருவார். பேச்சில் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்குமே தவிர மனசில் ஒன்றும் கிடையாது.

இந்த மூன்று பேரும் சேர்ந்ததுதான் ‘கூட்டு’. அவர்கள் குற்றாலத்தில் கூடியதற்குக் காரணம் அருவியில் குளிக்கிற ஆசை அல்ல, தண்ணீர்தான். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் கொதிக்கவிட்டால் பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்து, நாலு தடவையில் அடைத்துக்கொள்ளும். அருவித் தண்ணீருக்கு அந்தக் குற்றம் கிடையாது. எஞ்சின்களுக்கு உவப்பான தண்ணீர் அதுதான் என்று மூன்று பேரும் முடிவு கட்டி, சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த லாட்ஜில் பின்பக்கத்து அறையை எடுத்து, வராந்தாவில் சாக்கை விரித்து எஞ்சின்களை வரிசையாக வைத்து ஓட்டுவார்கள். ஒரு தடவை ஸ்பிரிட் தீர்ந்துபோய், ஞானராஜ் சார் பெட்டிக்கடையில் சூடம் வாங்கிவந்து கொளுத்தினார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் கரி அப்பி, மூன்று பேர் முகத்திலும் மூக்குக்குக் கீழே மீசை வரைந்துவிட்டது. சார் கிறிஸ்தவர். “வேதக்காரரு வாங்குன சூடம், சாமிக்கே பிடிக்கல” என்று பாய் சிரித்தார்.

கூட்டில் காசுக்கு இடம் கிடையாது. எஞ்சினுக்கு எஞ்சின், மாற்று மட்டும்தான். அந்த மாற்றுக்கும் அவர்கள் வைத்திருந்த பாஷையைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் கல்யாணத் தரகர் கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள். எஞ்சின் எல்லாம் ‘பொண்ணு’. பேச்சு தொடங்கினால் ‘சம்பந்தம் பேசுறது’. தகர மேடையின் பழைய வர்ணமும், அதில் செய்தவன் ஒட்டியிருக்கிற முத்திரைப் படமும் அந்தப் பொண்ணுக்கு ‘ஜாதகம்’. வர்ணம் போன எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், ஊர் பேர் தெரியாத பொண்ணு என்று தள்ளிவிடுவார்கள். எல்லாம் பொருந்தி வந்தால், உடனே மாற்றிக்கொள்ளமாட்டார்கள். பொண்ணு பத்து நாள் ‘மறுவீடு’ போகும். அதாவது, வாங்கப்போகிறவர் வீட்டில் போய் இருக்கும். ஓட்டிப் பார்க்கலாம், ஒழுக்கு உண்டா என்று தடவிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதற்கு ஒரே ஒரு சட்டம். மறுவீட்டில் இருக்கும்போது பொண்ணுக்கு ஒரு குறை வந்துவிட்டால், கொடுத்தவர் அந்த வீட்டு அலமாரியில் எந்த எஞ்சினைக் கை காட்டுகிறாரோ அதைப் பேசாமல் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும்.

கூட்டில் குழந்தைகளுக்கு இடம் இல்லை. நான் ஒருத்திதான் விலக்கு. நானும் ஒரு எஞ்சின்காரிதான் என்பது என் எண்ணம். சீசன் கடைகளில் விற்கிற, திரி கொளுத்தினால் ‘புட் புட்’ என்று வாளித் தண்ணீரில் வட்டம் போடுகிற தகரப் படகுகள் என்னிடம் நாலு இருந்தன. அதில் இரண்டைப் பள்ளிக்கூடத்தில் மாற்றுப் பேசி வாங்கியிருந்தேன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு என்னையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவைப் பிடுங்கியெடுத்தேன். ஞானராஜ் சார் ஒப்புக்கொள்ளவில்லை. “சின்னப் புள்ள கை சும்மா இருக்குமா? இது எங்கெங்க இருந்தோ வந்த சாமானாக்கும்” என்றார். அப்பா விடவில்லை. “எம் மக கேக்காம ஒண்ணையும் தொடமாட்டா சார். அவ தொட்டா நான் தொட்ட மாதிரி. அதுக்குப் பொறவு என்னையும் கூப்பிடாதிய” என்றார். அந்த ஜாமீனில்தான் நான் உள்ளே போனேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்க நான் பழகிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஏழு எஞ்சின்கள் இருந்தன. ஆறு வரும் போகும். ஒன்று மட்டும் எங்கேயும் போகாது. அதுதான் ‘ராசாத்தி’. மற்றவை எல்லாம் நின்ற இடத்தில் சக்கரம் சுற்றுகிறவை. ராசாத்தி தண்டவாளத்தில் ஓடுகிற ரயில் எஞ்சின். ஒரு சாண் நீளம், கன்னங்கரேல் என்று உடம்பு, ஆறு சக்கரம். ஞானராஜ் சாரிடம் மூன்று பொண்ணுகளைக் கொடுத்து அப்பா அவளை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலிகளை நகர்த்திவிட்டு, வட்டமாகத் தண்டவாளம் போட்டு, அடுக்களை வாசலிலிருந்து வாசல்படி வரைக்கும் அவளை ஓடவிடுவார். நானும் அவரும் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, அவள் எங்களை நோக்கி வருவதைப் பார்ப்போம். கடையில் எத்தனை பேர் வைதிருந்தாலும் அந்த நேரத்தில் அப்பா முகத்தில் ஒன்றும் இருக்காது. “இவள மட்டும் கேட்டா கூட்டே வேண்டாம்னு சொல்லிருவேன்” என்பார்.

மைதீன் பாயிடம் இருந்தது ‘துரைசாணி’. ஜெர்மன்காரி. பாய்லர் படுத்திருக்கும், அடியில் செங்கல் கட்டியது போலவே வர்ணம் தீட்டியிருக்கும், மேடை பாசிப் பச்சை. முன்பக்கத்தில், ஒரு பொன்னிற வட்டத்துக்குள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற அன்னம். நூறு வயதுக்குப் பக்கமாக இருக்கும் என்று சார் சொல்லுவார். அப்பா அவளை மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், பாய் சிரித்தே தட்டிக் கழித்துவிடுவார். அந்த வருஷம் பாய்க்கு சீசனில் லீவு கிடைக்காமல், புரட்டாசியில்தான் வந்தார். மலைக்கு மேலே மழை பெய்து அருவியில் மறுபடியும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வராந்தாவில் அப்பா இரண்டு பொண்ணுகளைத் தருகிறேன் என்று சம்பந்தம் பேச, என்ன நினைத்தாரோ, பாய் “கொண்டு போங்க அண்ணாச்சி, பத்து நாள் இருக்கட்டும். நான் பொறப்படதுக்கு முன்னால வாரேன்” என்று சொல்லிவிட்டார். வீடு திரும்புகிற பஸ்ஸில் அப்பா துரைசாணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

சம்பந்தம் முடியாத பொண்ணை அலமாரிக்குள் ஏற்றக்கூடாது என்பது அப்பாவின் கணக்கு. அதனால் துரைசாணி, பூட்டிய அலமாரிக்கு வெளியே, அம்மாவின் தையல் மிஷின் மேலே இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் எதிரே போய் நிற்பேன். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பாய்லர் பழுப்பேறிக் கிடந்தது, புகைபோக்கியில் கரி, செங்கல் இடுக்கெல்லாம் கறுப்பு. எங்கள் தெருவில் எந்தப் புதுப்பெண் மறுவீடு வந்தாலும் முதல் காரியமாக எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, புதுச்சேலை கட்டி, பூ வைத்துத்தான் உட்காரவைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் மட்டும் அழுக்கோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா விடியலிலேயே கடைக்குப் போய்விட்டார். அங்கே ஸ்பேனர், சுத்தியல், காயில் சுற்றுகிற மிஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். அம்மா பூஜைச் சாமான்களைக் கொல்லையில் குழாயடியில் போட்டு, ஊறவைத்த புளியையும் செங்கல்பொடியையும் தேங்காய் நாரையும் என்னிடம் கொடுத்து, “ஒண்ணு பாக்கியில்லாம விளக்கிப் போடு. இன்னைக்கு வீட்ல அழுக்குன்னு ஒரு சாமானும் இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு, மணி எல்லாம் முடிந்தது. கை நிறையப் புளி மீதி இருந்தது. நான் உள்ளே போய்த் துரைசாணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கேட்காமல் தொடக்கூடாது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. ஆனால் அது வராந்தாவுக்கான சட்டம் என்றும், இது பூஜைக்கான வேலை என்றும், அம்மா சொன்னதுதான் உத்தரவு என்றும் எனக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு வக்கீல் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பாய்லரில் புளி பட்டதும் பழுப்பெல்லாம் போய்ப் பித்தளை பொன்னாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மேடையையும் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தேன். பச்சைப் பச்சையாகத் தண்ணீர் ஓடியது. நூறு வருஷத்து அழுக்கு போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திப்பூ ஒன்றைப் புகைபோக்கியில் செருகி, பூஜை அறையில் வாழையிலையில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை.

அப்பா கடைப் பூஜையை முடித்துவிட்டுப் பொரியும் கையுமாக வந்தார். “அப்பா, பொண்ணு எப்படி இருக்கான்னு பாத்தியளா?” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து, கீழே உட்கார்ந்து, மேடையின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெறும் தகரம். அன்னம் இருந்த இடத்தில் என் குங்குமப் பொட்டுதான் இருந்தது. அப்போதுதான் நானும் அதைக் கவனித்தேன். “நல்லாத்தான் இருக்கா” என்றார் அப்பா. குரல் அவருடையதாக இல்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்து, அப்பா முகத்தைப் பார்த்து, விஷயம் விளங்கி, கரண்டியை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்பா கையை நீட்டித் தடுத்தார். அன்றைக்கு அவர் பூஜையில் உட்கார்ந்தார், சுண்டல் சாப்பிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

அடுத்த மூன்று நாளும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பாய் வருவார், பார்ப்பார், யார் செய்தது என்று கேட்பார். நான்தான் என்று தெரிந்தால் எனக்கு வராந்தா போய்விடும். அது போனால் போகட்டும், எனக்காக ஜாமீன் நின்ற அப்பாவும் கூட்டில் இருக்க முடியாது. அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அது போதாதென்று, அலமாரியில் பாய் கை காட்டப்போவது எதை என்று யோசித்து யோசித்து, அதன் முன்னால் போய்ப் போய் நின்றேன். மைதீன் பாய்க்கும் ராசாத்தி மேலே கண் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும்.

பாய் ஒரு சாயங்காலம் ஞானராஜ் சாரோடு வந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா துரைசாணியை எடுத்து முன்னால் வைத்தார். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி, எம் பொண்ணுக்குப் பொட்டெல்லாம் வச்சு விட்டிருக்கிய?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “அன்னம் எங்க?”

“போச்சு பாய்.”

“யாரு செஞ்சது?”

“நாந்தான்” என்றார் அப்பா. “ஆயுத பூசைல்லா. பொண்ணு அழுக்கா இருக்காளேன்னு புளி போட்டு விளக்கிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு.”

எஞ்சினைப் புளி போட்டு விளக்கியதாக ஒரு கூட்டுக்காரர் சொல்வது, சங்கீத வித்வான் ஒருவர் வீணையில் துணி காயப்போட்டேன் என்று சொல்வது மாதிரி. ஞானராஜ் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “நீரா? முப்பது வருசமா காயில் கட்டுத கை, செங்கல்பொடி போட்டுத் தேச்சுதா? ஏன்வே, ஒமக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?” என்று சத்தம் போட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. நான்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கு நாலு எட்டு நடந்தால் போதும். கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

பாய் எதையும் கை காட்டவில்லை. “விடுங்க அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் பிடிச்ச ஆசைதான” என்று எழுந்திருக்கப் பார்த்தார். அப்பாதான் போய் அலமாரியைத் திறந்து, ராசாத்தியை எடுத்து, வேட்டி முனையால் ஒரு தடவை துடைத்து, அவர் கையில் வைத்தார். “சட்டம்னா சட்டம் பாய்” என்றார். பாய் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார், அப்பா விடவில்லை. தண்டவாளத்தையும் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் ராசாத்தி சார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டாள். துரைசாணி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள், பளபளவென்று, ஜாதகம் இல்லாமல்.

அதிலிருந்து அப்பாவுக்குப் ‘புளி அண்ணாச்சி’ என்று பெயர் விழுந்தது. வைத்தது ஞானராஜ் சார், பரப்பியது தென்காசி. பஜாரில் பலசரக்குக் கடைக்காரர் “அண்ணாச்சி, புதுப் புளி வந்திருக்கு, எஞ்சினுக்கு எவ்வளவு போட?” என்பார். காயில் கட்ட வருகிற தோட்டக்காரர்கள்கூட, “மோட்டார விளக்கிறாதிய அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் காதை யாரோ திருகுவது மாதிரி இருக்கும். அடுத்த சீசனில், லாட்ஜ் வராந்தாவில், வழக்கம்போலக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, “இந்தப் புள்ளைக்கு இருக்க பொறுமை அவ அப்பனுக்கு இல்லாமப் போச்சே” என்று சொல்லி, ஞானராஜ் சார் ஒரு மங்குஸ்தானை உடைத்து என் கையில் கொடுத்தார். அப்பா எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். கல்லூரிக்குப் போனபோது, வேலை கிடைத்தபோது, கல்யாணத்துக்கு முதல்நாள், எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. அப்பாவிடம், “எனக்காகச் செஞ்சிய, எனக்குத் தெரியும்” என்று ஒரு வார்த்தை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பிறகு என்ன சொல்ல என்று ஒத்திப்போட்டுவிட்டேன். அப்பாமார்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற திமிர் பிள்ளைகளுக்கு எப்போதும் உண்டு.

இப்போது மைதீன் பாய் இல்லை, ஞானராஜ் சார் இல்லை, அம்மாவும் போய் ஆறு வருஷம் ஆகிறது. மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து அகலப்பாதை போட்டுவிட்டார்கள். குட்டி எஞ்சின் மாற்று மட்டும் முன்னைவிட மும்முரமாகவே நடக்கிறது. செல்போனில் குழு வைத்திருக்கிறார்கள், படம் போடுகிறார்கள், கூரியரில் அனுப்புகிறார்கள். மறுவீடு மட்டும் கிடையாது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். இரண்டு வருஷமாக நினைவு முன்னும் பின்னுமாகப் போய்விட்டது. சில நாள் என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சில நாள் கடைச் சாவியைத் தேடுவார்.

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து ஒரு பையன், பொறியியல் படித்தவன், துரைசாணியைப் பார்க்க வந்தான். வர்ணம் எப்படிப் போனது என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். “நாந்தான் தம்பி விளக்கிட்டேன். ஆயுத பூசை அன்னைக்கு. குழாயடில உக்காந்து, பொஞ்சாதிகிட்டப் புளி வாங்கி, இந்தா இப்படித் தேச்சேன். பச்சத் தண்ணியா ஓடுது, அழுக்குன்னு நெனச்சேன் பாத்துக்கோ” என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஊருக்காகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பையன் போன பிறகும் அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “எம்புட்டு பெரிய தப்பு, பாய்க்கு என்ன பதில் சொல்லுவேன்” என்று முனகிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்காகச் சொன்ன பொய்யை அவர் இப்போது நம்புகிறார். அது பொய் என்று தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். “அப்பா, அத விளக்குனது நீங்க இல்ல. நாந்தான்” என்றேன். இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நீயா? போடி, நீ சின்னப் புள்ள” என்றார்.

“இல்லப்பா. நாந்தான் செஞ்சேன். நீங்க எனக்காகப் பழி ஏத்துக்கிட்டிய.”

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண்ணில் எதுவோ தெளிந்து வந்தது. வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

“சரி, பையப் பேசு. மைதீன் பாய் வார நேரம். யாருன்னு கேட்டா நாந்தான்னு சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் பேசாத, உள்ள போ.”

நான் உள்ளே போனேன்.